புழல், பூண்டி, செம்பரம்பாக்கம்: பேப்பரில் வரும் இருப்பு எத்தனை நாள் குடிநீர்?

கேட்டவர்: பெரம்பூர்வாசி

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கோடைக்கு முன்பே தண்ணீர்க் கணக்கு போட்டுவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஏரி நிலவரம் தினமும் பேப்பரில் வருகிறது. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி.

வடகிழக்குப் பருவமழை பொய்த்து, பிப்ரவரி 1-ம் தேதி ஐந்திலும் சேர்த்து 3,000 மில்லியன் கன அடிதான் இருக்கிறது என்று வையுங்கள். சென்னைக்கு மாதம் ஒரு டிஎம்சி (1,000 மில்லியன் கன அடி) வேண்டும் என்பார்கள். அப்படியானால் மூன்று மாதம் தாங்கும் என்று சொல்லிவிடலாமா? எந்த ஏரியை முதலில் காலி செய்வார்கள், ஏன்? ஏரி வறண்டதும் தூர் வாரினால் அடுத்த வருடத்துக்கு எவ்வளவு கூடும்? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொன்னால் கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடுவேன்.

---

மதகடி

மூன்று மாதம் என்று சொல்லாதீர்கள். அந்தக் கணக்கு இரண்டு பக்கமும் தப்பு.

முதலில் அளவுகள். 1 மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். நாளொன்றுக்கு 1,000 எம்எல்டி, அதாவது 100 கோடி லிட்டர் விநியோகம் என்றால் 35.3 மில்லியன் கன அடி போகும். மாதம் ஒரு டிஎம்சி என்பது இதிலிருந்து வந்த வழக்கு. ஆனால் அது மொத்த ஊரின் தேவை, ஏரிகள் மட்டும் கொடுக்க வேண்டியது அல்ல. மீஞ்சூர் கடல்நீர் ஆலை 100, நெம்மேலி 100, நெம்மேலியின் இரண்டாவது ஆலை 150, வீராணம் 180. எல்லாம் முழுத் திறனில் ஓடினால் 530 எம்எல்டி வெளியிலிருந்து வந்துவிடும். ஏரிகளின் பங்கு 470 எம்எல்டி, அதாவது நாளுக்கு 16.6 மில்லியன் கன அடி.

இனி கழிக்க வேண்டியவை. 3,000 என்று அச்சாவதில் மதகு மட்டத்துக்குக் கீழே கிடப்பதும் சேர்த்தி. டெட் ஸ்டோரேஜ் என்கிறோமே, அது. மதகைத் திறந்தால் அது வராது, பம்பு வைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் கலங்கலாக வரும். கணக்குக்கு 400 தள்ளுங்கள், கையில் 2,600.

அடுத்தது வெயில். ஐந்து ஏரியிலும் சேர்ந்து 40 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு, நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவி என்று வைத்தால் 2 லட்சம் கன மீட்டர், அதாவது 20 கோடி லிட்டர், 7 மில்லியன் கன அடி. 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து குழாயில் வரும் வீராணம் நீரைவிட அதிகமாக வெயில் குடித்துவிடுகிறது. நம் ஏரிகள் அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் வரும் வினை இது. புழல் நிரம்பினாலே ஆழம் 21.2 அடிதான். பரப்பு சுருங்கச் சுருங்க ஆவியும் குறையும் என்பதால் மொத்தக் காலத்துக்குச் சராசரி 5 என்று எடுக்கலாம். ஆக ஒரு நாள் செலவு 21.6. 2,600-ஐ வகுத்தால் 120 நாள். மே கடைசி.

"மூணு மாசத்துக்கு நாலு மாசம் வருதே" என்று யாராவது சந்தோஷப்படுவார்கள். விட்டுவிடாதீர்கள். ஏரிக்கு ஒழுங்கான வரத்து அக்டோபர் பாதிக்கு மேல்தான். பிப்ரவரி 1 முதல் அக்டோபர் 15 வரை 257 நாள். நடுவில் தென்மேற்குப் பருவத்தில் சென்னையில் நல்ல மழை பெய்தாலும் காய்ந்த நிலமும் வழியிலுள்ள சிற்றேரிகளும் குடித்ததுபோக ஓடிவருவது சொற்பம்.

எனவே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 257 நாள் ஓட்ட வேண்டுமானால் இன்றைக்கு எவ்வளவு எடுக்கலாம்? 2,600-ஐ 257-ஆல் வகுத்தால் 10.1. ஆவிக்கு 4 போனால் 6 மில்லியன் கன அடி, சுமார் 170 எம்எல்டி. வெளியிலிருந்து வரும் 530-ஐச் சேர்த்தால் 700. பிப்ரவரி 1-லேயே 1,000-லிருந்து 700-க்கு இறக்கினால் அக்டோபர் வரை அதே 700 கொடுக்கலாம். ஏப்ரல் 1 வரை முழு விநியோகம் செய்துவிட்டு அப்புறம் குறைத்தால் 620 தான் கொடுக்க முடியும். மே 1 வரை தள்ளினால் 575. அதற்குப் பிறகு ஒரு கடல்நீர் ஆலை பழுதாகி நின்றாலும் ஈடுகட்ட ஏரியில் எதுவும் இருக்காது. 2019 ஜூனில் அன்றைக்கு இருந்த நான்கு ஏரிகளிலும் சேர்த்து 1 சதவீதம்கூட இல்லை, 830 எம்எல்டி விநியோகம் 525-க்கு இறங்கியது. வெட்டு என்பது பொங்கல் முடிந்த கையோடு எடுக்க வேண்டிய முடிவு. ஏரியில் பாதித் தண்ணீர் தெரியும்போது குழாயைக் குறைத்தால் ஊர் திட்டும் என்று தள்ளிப்போடுவதில்தான் எல்லாம் கெடுகிறது.

எந்த ஏரி முதலில் என்றால், பூண்டியும் சோழவரமும். பூண்டிக்கும் புழலுக்கும் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்று, ஆனால் பூண்டியின் நீர்ப்பரப்பு மிகப் பெரிது. அதே தண்ணீர் அங்கே மெல்லிய தாம்பாளத்தில் ஊற்றியதுபோலக் கிடக்கும். சோழவரம் ஊருக்கு நேரடியாகக் கொடுக்கும் ஏரி அல்ல, புழலுக்கு ஊட்டும் ஏரி. அதனால் இந்த இரண்டில் இருப்பதை ஜனவரி, பிப்ரவரியிலேயே புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குவித்துவிட வேண்டும். நான்கு இடத்தில் கால் கால் ஏரியாக வைத்திருப்பது வெயிலுக்குப் பந்தி விரிப்பதுபோல.

கொண்டுபோகும்போது சொட்டுச் சொட்டாகத் திறக்கக் கூடாது. காய்ந்த கால்வாய் முதலில் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை விடும். விநாடிக்கு 50 கன அடி வீதம் ஒரு மாதம் விடுவதைவிட 300 கன அடி வீதம் ஐந்து நாள் விட்டால் அதே அளவு நீர் போகும், கசிவு பல மடங்கு குறையும். விநாடிக்கு 12 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் சுமார் 1 மில்லியன் கன அடி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பேப்பரில் வரும் திறப்பு அளவை நீங்களே மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இணைப்புக் கால்வாயில் திறப்பதற்கு முந்தின வாரமே செடி, குப்பை, மண்சரிவு பார்த்துவிட வேண்டும். ஓரிடத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலும் கரை மேல் வழிந்து வயலுக்குப் போய்விடும்.

ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீரை வறட்சிக் கணக்கில் வரவாக எழுதாதீர்கள். 1983 ஒப்பந்தப்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4, ஆக 12 டிஎம்சி தமிழக எல்லையில் கிடைக்க வேண்டும். ஆனால் நமக்கு வறட்சி என்றால் பல சமயம் அதைத் திறந்துவிடும் கண்டலேறு அணைக்கும் வறட்சிதான். வந்தால் போனஸ். கண்டலேறில் திறந்த நீர் 152 கிலோமீட்டர் ஓடி எல்லைக்கு வர நாலைந்து நாள் ஆகும், வழியில் மோட்டார் வைத்து எடுப்பதும் உண்டு. அங்கே கேட்கும்போதும் "குறைவாக நீண்ட நாள்" என்று கேட்காமல் "அதிகமாகச் சில நாள்" என்று கேட்டு வாங்குவதே லாபம்.

---

பெரம்பூர்வாசி

மிக்க நன்றி சார். 700, 620, 575 என்பதைப் பலகையில் எழுதி வைக்கப் போகிறேன். ஒரு சந்தேகம். டெட் ஸ்டோரேஜ் 400 என்று தள்ளிவிட்டீர்கள். அதையும் பம்பு வைத்து எடுத்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமே? 2019-ல் எடுத்தார்கள்தானே? ஆவியாவதைத் தடுக்க ஏதாவது மிதக்கவிட முடியாதா?

---

வடிகட்டி

எடுக்கலாம். எடுத்தார்கள். ஆனால் அது நல்ல தண்ணீரின் தொடர்ச்சி அல்ல, வேறு தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

வேலை இப்படி. ஏரி குறையும் முன்பே, படகில் போய் ஆழம் அளந்து எங்கெங்கே பள்ளம் என்று குறித்துவிட வேண்டும். தண்ணீர் வற்றிய பிறகு சேற்றில் பொக்லைன் இறக்கினால் புதைந்துவிடும். பள்ளத்திலிருந்து நீர் எடுக்கும் கோபுரத்துக்கு (புழலில் ஜோன்ஸ் டவர்) ஒரு வாய்க்கால் வெட்டி, பள்ளத்தில் மிதவை மேல் பம்பு வைத்து அந்த வாய்க்காலில் விட வேண்டும். பம்பின் உறிஞ்சு வாய் தரையைத் தொடக் கூடாது. அதேசமயம் நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றை இழுக்கும், பம்பு கெடும். நீர்மட்டம் இறங்க இறங்க மிதவையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். டீசல் என்ஜினை மிதவை மேலேயே வைப்பார்கள். எண்ணெய் சொட்டாமல் அடியில் தட்டு வைக்க மறந்தால் ஊர் குடிக்கும் நீரில் டீசல் வாடை வரும்.

சுத்திகரிப்பில் என்ன ஆகும் என்றால், அடி நீரில் சேறு, பாசி, அம்மோனியா, இரும்பு, மாங்கனீசு எல்லாம் சேர்ந்து வரும். இதில் ஆளை ஏமாற்றுவது அம்மோனியா. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் இருந்தால் அதைத் தீர்க்கவே 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் செலவாகும். வழக்கமான அளவைப் போட்டுவிட்டு, ஆலையில் அளவு காட்டுகிறதே என்று விட்டால் தெருக்குழாய்க்குப் போய்ச் சேரும்போது குளோரின் இருக்காது. அதற்காக ஒரேயடியாகக் கூட்டினால் பாசிக் கழிவோடு சேர்ந்து வேண்டாத வேதிப்பொருள்கள் உண்டாகும். எனவே முதலில் பாசியையும் கலங்கலையும் படிய வைத்து நீக்கிவிட்டு, பிறகு குளோரின் கூட்டுவதே சரி.

படிகாரம் எவ்வளவு என்பதைப் பழைய பதிவேட்டைப் பார்த்துப் போடக் கூடாது. ஜார் சோதனையை ஷிப்டுக்கு ஒரு தரம் செய்ய வேண்டும்: ஆறு பீக்கரில் தலா ஒரு லிட்டர், வெவ்வேறு அளவு படிகாரம், ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, கால் மணி நேரம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் படியவிட்டு எது தெளிவு என்று பார்ப்பது. வடிகட்டி மணல் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு தடவை கழுவியது மூன்று தடவையாகும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் படியவைத்து மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவர ஏற்பாடு இல்லாவிட்டால், கஷ்டப்பட்டு பம்பில் எடுத்ததில் கணிசமான பங்கு இதற்கே போய்விடும்.

மிதக்கவிடுவது பற்றி: 2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் அட்டை விட்டார்கள், காற்று கரைக்கு ஒதுக்கிவிட்டது. அட்டையில் குறை இல்லை, அளவில்தான் குறை. 20 சதுர கிலோமீட்டர் ஏரியில் கால் பங்கை மூடவே 5 சதுர கிலோமீட்டர் வேண்டும், அதையும் நங்கூரமிட்டுக் கட்ட வேண்டும். சீட்டைல் ஆல்கஹால் மாதிரி மெல்லிய படலம் விடும் முறை உலகில் பல ஏரிகளில் சோதித்ததுதான். காற்று கொஞ்சம் பலமாக வீசினால் படலம் கிழிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறும் சென்னையில், ஆவி அதிகமாகும் நேரமும் படலம் கிழியும் நேரமும் ஒன்றாகவே விழுகிறது. மதகடி சார் சொன்னபடி இரண்டு ஏரியில் குவிப்பதே நமக்கு மலிவான மூடி.

---

ஊற்றுக்கண்

நிலத்தடிப் பக்கமும் கல்குவாரிப் பக்கமும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரி நீரை 2017-லும் 2019-லும் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு பம்பு செய்தார்கள். குவாரி நீர் பார்க்கப் பச்சையாக, தெளிவாக இருக்கும். ஆழமான குவாரியில் மேல் நீரும் அடி நீரும் கலப்பதில்லை. அடியில் ஆக்சிஜன் கிடையாது, அழுகிய முட்டை நாற்றம், கரைந்த இரும்பும் மாங்கனீசும் இருக்கும். நடு ஆழத்தில் உறிஞ்சு குழாயைத் தொங்கவிட வேண்டும். மேல் நீரைப் பரிசோதித்துச் சான்று வாங்கிவிட்டு அடிவரை இறைத்துக்கொண்டே போவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஒவ்வொரு சில மீட்டர் இறங்கும்போதும் புதிதாக மாதிரி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கிணறுகளின் மட்டத்தையும் எழுதி வர வேண்டும். குவாரியும் அந்தக் கிணறுகளும் ஒரே பாறை வெடிப்பில் தொடர்பில் இருக்கலாம்.

ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் என்று பழைய கிணற்று வயல்கள், அதாவது குடிநீருக்காகக் கிணறுகளைக் கூட்டமாகப் போட்ட இடங்கள், இருக்கின்றன. வறட்சி வந்தால் எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள், விவசாயக் கிணறுகளையும் வாடகைக்கு எடுப்பார்கள். மீஞ்சூரில் கடல்நீர் உள்ளே ஏறியதற்குக் காரணம் பல ஆண்டு இப்படி இறைத்ததுதான். கடலோரத்தில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் நல்ல நீர் 1 மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு எல்லை ஏறக்குறைய 40 மீட்டர் மேலே ஏறும் என்பது கணக்கு. உடனே ஏறாது, மெதுவாக ஏறும். ஏறியபின் இறங்கப் பல மழைக்காலம் வேண்டும். ஆகவே கடலோரக் கிணறுகளை வறட்சியில் தொடாமல், உள்ளே தள்ளியிருக்கும் வயல்களில் ஒன்றை மாற்றி ஒன்று ஓய்வு கொடுத்து இறைக்க வேண்டும்.

ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ரயிலைப் பற்றியும் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். 2019 ஜூலை 12-ல் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். நாலு நடை ஓடினால் 10 எம்எல்டி. அன்றைய 525-ல் 2 சதவீதம். அந்த நேரத்தில் அதுவும் தேவைப்பட்டது, வேலை செய்தவர்கள் அசாத்திய வேகத்தில் செய்தார்கள். ஆனால் ஏரியைக் காக்கத் தவறியதை ரயில் ஈடுகட்டாது. லாரியும் அப்படியே. 300 எம்எல்டி குறைவை 9,000 லிட்டர் லாரியில் நிரப்ப நாளுக்கு 33,000 நடைக்கு மேல் வேண்டும்.

உண்மையில் பெரிய உதவி கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்எல்டி கழிவுநீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள்தான். மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு நல்ல நீர் ஊருக்கு மிச்சம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் கழிவுநீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

---

மதகடி

தூர் வாருவது விட்டுப்போயிற்று. 1 மில்லியன் கன அடி என்பது லாரிக் கணக்கில் 10,000 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 யூனிட் டிப்பரில் 3,300 நடைக்கு மேல். வெட்டிய மண் உப்பும் என்பதால் நாலாயிரம் என்றே வையுங்கள். சோழவரத்தில் 100 மில்லியன் கன அடி கூட்ட வேண்டுமென்றால் நாலு லட்சம் நடை. நாளுக்கு 1,000 நடை ஓட்டினாலும் 400 நாள். ஏரி காய்ந்து கிடப்பதோ ஒரு கோடையில் நாலு மாதம். எனவே "வறண்டதும் தூர் வாரி இரட்டிப்பாக்கலாம்" என்பது நடக்காத பேச்சு. ஒரு கோடையில் நடக்கக் கூடியது வரத்துக் கால்வாய் வாயை வெட்டித் திறப்பதும், மதகுக்கு முன்னால் சேர்ந்த மேட்டை எடுத்து டெட் ஸ்டோரேஜைக் குறைப்பதும். இவை இரண்டுக்கும் குறைந்த மண், நிறையப் பலன்.

எங்கே வெட்டக் கூடாது என்பது முக்கியம். கரையின் உள்சரிவு முடியும் இடத்தை ஒட்டி வெட்டினால் கரை சரியும், அடிவழியே கசியும். படுகையின் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் தெரியும்வரை வெட்டினால் ஏரி நீரைத் தாங்காது. மண்ணுக்கு விலை உண்டு என்பதால் குத்தகைக்காரர் நல்ல மண் கிடைக்கும் இடத்தில் ஆழமாகவும் மற்ற இடத்தில் மேலோட்டமாகவும் வெட்டிவிடுவார். வெட்டும் முன்னும் பின்னும் மட்டம் எடுத்துப் புதிய கொள்ளளவு அட்டவணை போடாவிட்டால், அடுத்த வருடம் பேப்பரில் வரும் எண்ணும் பழைய அட்டவணையிலிருந்து வரும் எண்தான்.

---

பெரம்பூர்வாசி

700 எம்எல்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் எங்கள் தெருவில் என்ன எதிர்பார்க்க வேண்டும்? சம்ப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

---

வடிகட்டி

குழாய் காலியாக இருக்கும் நாளில் உள்ளே அழுத்தம் இருக்காது. யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தால் வெடிப்பு வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். அதனால் முதல் பத்து நிமிட நீரைச் சம்ப்பில் விடாமல் கழிப்பறை, துடைப்புக்குப் பிடித்து வையுங்கள். தெருவில் மோட்டார் வேண்டாம் என்று சங்கமே தீர்மானம் போடுங்கள். கடைசி வீட்டுக்கு நீர் வராததற்குப் பாதிக் காரணம் அது.

சம்ப்பு 10,000 லிட்டர் என்றால், 25 சதவீத பிளீச்சிங் பவுடர் 40 கிராம். ஒரு வாளி நீரில் கரைத்து, படியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சம்ப்பில் அழுக்கு இருக்கிறது. அப்போது காலி செய்து தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி போடுங்கள், மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். சோதனைப் பெட்டி சங்கத்துக்கு ஒன்று போதும். தெருவின் முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் எடுத்த அளவைத் தேதியோடு எழுதி வைத்தால், எந்த இடத்தில் குழாய் உடைந்திருக்கிறது என்று வாரிய ஆட்களுக்குக் காட்ட அதுவே போதும்.

---

ஊற்றுக்கண்

சங்கத்தில் போர்வெல் இருந்தால் நீரில் உப்பு ஏறுவதைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தரம், மோட்டார் ஓடி கால் மணி நேரம் ஆனபின் அளந்து எழுதுங்கள். நீர்மட்டம் அதே இடத்தில் இருந்தும் அளவு ஏறிக்கொண்டே போனால் அடியிலிருந்து உப்பு நீர் ஏறுகிறது. அன்றைக்கே இறைக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். தொடர்ந்து நாலு மணி நேரம் ஓட்டுவதைவிட ஒரு மணி நேரமாக நான்கு தடவை, இடைவெளி விட்டு ஓட்டினால் உப்பு ஏறுவது குறையும்.